பதினாலில் மூணு பேர் போக

பேப்பரை அந்தப் பிரின்சிபால் மேடம் என் கையில் கொடுக்கவில்லை. மேசைமேல் வைத்து ஒற்றை விரலால் என் பக்கம் தள்ளினார்.

தோட்டத்து ஆட்களை மலையில் இறக்கிவிட்டு அப்படியே ஜீப்போடு பள்ளிக்கூடத்துக்கு வந்திருந்தேன். சட்டையில் டீசல் வாடை அடித்திருக்கும், இல்லையென்று சொல்லவில்லை. அதற்காக ஒரு தாளை விரலால் தள்ளுவதா? இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் காது சூடாகிறது.

என் மகள் தர்ஷினியின் கணக்குப் பரீட்சைத் தாள் அது. ஒண்ணாம் வகுப்பு, வருஷக் கடைசிப் பரீட்சை. மேல் பாதி முழுக்கக் கூட்டல். எல்லாவற்றுக்கும் டிக் போட்டிருந்தது. கீழ்ப் பாதி முழுக்கக் கழித்தல். எல்லாவற்றையும் சிவப்பு மையில் குறுக்கே அடித்திருந்தது.

ஒன்பதில் நாலு போனால் எத்தனை? கட்டத்துக்குள் ஒன்பது என்று எழுதியிருந்தாள். பத்தில் ஆறு போனால் பத்து. பதினாலில் மூணு போனால் பதினாலு. எழுத்து என்னவோ குண்டு குண்டாக அழகாகத்தான் இருந்தது.

“கேள்வில முதல்ல இருக்கிற நம்பரை அப்படியே பாத்து எழுதி வச்சிருக்கா. கழித்தல்னா என்னன்னே இவளுக்குப் புரியல. இன்னொரு வருஷம் இதே கிளாஸ்ல இருக்கட்டும்” என்றார் மேடம்.

தர்ஷினி கதவுக்கு வெளியே நின்றிருந்தாள். கதவு திறந்துதான் இருந்தது.

பெயில் என்ற சொல்லே வரவில்லை

இந்தப் பக்கத்தில் வாராவாரம் ஏலமலை ஜீப் கதைகளை எழுதி வருகிறேன். வளைவில் பிரேக் பிடிக்காமல் போனது, பாதையில் யானை நின்றது என்று. படித்துவிட்டு, உமக்குப் பயமே கிடையாதா என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். ஏன் கிடையாது? பள்ளிக்கூட ஆபீஸ் ரூம் என்றால் எனக்கு இன்றைக்கும் பயம்தான்.

அந்த ரூமில் யாரும் குரலை உயர்த்தவே மாட்டார்கள். சண்டைக்காரனாக இருந்தால் பதிலுக்குப் பேசலாம். மெத்தென்று பேசுகிறவர்களை என்ன செய்வது? பெயில் இல்லையாம். சின்ன வகுப்பில் பெயில் போடவே கூடாதாம். பிள்ளையின் நல்லதுக்காக இன்னொரு வருஷம் உட்கார்ந்தால் ஃபவுண்டேஷன் பலமாகுமாம். வீடா கட்டுகிறோம், ஃபவுண்டேஷன் போட?

கம்பத்துப் பக்கம் புதிதாக முளைத்த பள்ளிக்கூடங்களில் அதுவும் ஒன்று. பெயர் வேண்டாம். கீழே ஒண்ணாம் வகுப்பு, மாடியில் ரெண்டாம் வகுப்பு. ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் தர்ஷினியின் பெஞ்சில் இருந்த பிள்ளைகள் எல்லாம் மாடிக்கு ஏறிவிடுவார்கள். ஒரு வகுப்பே ஏறிப் போகும், என் பிள்ளையை மட்டும் கீழே விட்டுவிட்டு.

திரும்பி வருகையில் ஜீப்பில் முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டு கேட்டாள். “எல்லாரும் மாடிக்குப் போயிட்டா நான் யாரு கூட இருப்பேன்ப்பா?”

எதிரே ஒன்றுமே வரவில்லை. நான் சும்மா ஹாரனை அடித்துக்கொண்டே ஓட்டினேன்.

எண்ணாமல் சாவி திருகுவதில்லை

இங்கே என் வண்டி வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அதைச் சொல்லாமல் அந்தப் பேப்பர் யாருக்கும் புரியாது.

கம்பத்திலிருந்து கம்பம்மெட்டு ஏறி, கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஏலத்தோட்டங்களுக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு போவது என் பிழைப்பு. விடிய ஏற்றம், சாயங்காலம் இறக்கம். வண்டியில் எத்தனை பேர் என்று கேட்காதீர்கள். இந்தப் பத்திரிகையைப் போலீஸ்காரர்களும் படிக்கிறார்கள். கணக்குக்காகப் பதினாலு என்று வைத்துக்கொள்வோம்.

ஏறும்போது ஒவ்வொருவரும் தன் எண்ணைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். பதினாலு என்று கடைசி ஆள் சொன்ன பிறகுதான் வண்டி நகரும். சாயங்காலமும் அப்படியே. ஆனால் சாயங்காலம் பதினாலு பேரும் இருக்க மாட்டார்கள். ஒருத்தி தோட்டத்துக் கோட்டர்ஸில் அக்கா வீட்டில் தங்கிவிடுவாள். ஒருத்தி சம்பளம் வாங்கிக்கொண்டு வேறு வண்டியில் போயிருப்பாள். பதினொண்ணு என்று எண்ணிக்கை நின்றால் நான் கேட்பேன், மிச்சம் மூணு எங்கே என்று. இன்னார் இன்ன இடத்தில் என்று வண்டிக்குள் யாராவது சொல்ல வேண்டும். பதினொண்ணும் மூணும் சேர்ந்து பதினாலு என்று வாய்விட்டுச் சொல்லி முடித்த பிறகுதான் சாவியைத் திருகுவேன்.

மற்ற டிரைவர்கள் கேலி பண்ணுவார்கள். என் வண்டிக்குப் பெயரே வாத்தியார் வண்டி. பண்ணட்டும். கேலி பண்ணுகிறவன் பெண்டாட்டி ஒருநாள் மலையில் தனியாக நின்றிருந்தால் தெரியும்.

என் பெண்டாட்டி நின்றாள். பாண்டியம்மா. கல்யாணமான புதிது. அப்போது நான் லாரியில் லோடு ஏற்றிக்கொண்டிருந்தேன், அவள் வேறொருவர் ஜீப்பில் ஏலக்காய் எடுக்கப் போய்வந்தாள். சாரல் பிடித்த ஒரு சாயங்காலம் மஞ்சு இறங்கிவிட்டது. மூடுபனியை மலையில் அப்படித்தான் சொல்வோம், மலையாளத்திலிருந்து வந்தது. டிரைவர் திரும்பிப் பார்த்திருக்கிறான். வண்டி நிறைந்த மாதிரி தெரிந்திருக்கிறது. எடுத்துவிட்டான்.

இவள் தோட்டத்துக் கடைசி வரிசையில் குனிந்து காய் எடுத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தபோது யாரும் இல்லை. கூப்பிட்டுப் பார்த்தால் தன் குரல்தான் திரும்பி வருகிறது. கால் முழுக்க அட்டை. தட்டுத்தடுமாறி, காய் உலர்த்துகிற ஸ்டோரைக் கண்டுபிடித்து, அந்தச் சூட்டில் உட்கார்ந்தே பொழுதை விடிய வைத்திருக்கிறாள். மறுநாள் இறங்கி வந்தவளிடம் அந்த டிரைவர் சொன்னான், ஒரு ஆள்தானம்மா குறைந்தது, தெரியவில்லை என்று.

ஒரு ஆள்தானாம்! அவன் இப்போதும் ஊரில்தான் இருக்கிறான். டீக்கடையில் எதிரே வந்து உட்கார்ந்தால் நான் டீயை வைத்துவிட்டு எழுந்துவிடுவேன்.

அதற்குப் பிறகுதான் லாரியை விட்டுவிட்டு ஜீப் ஸ்டியரிங்கைப் பிடித்தேன். எண்ணாமல் சாவி திருகுவதில்லை என்பது அன்றைக்கு வைத்த சட்டம். சனிக்கிழமைகளில் தர்ஷினியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் கிடையாது. எனக்கும் கியருக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு அவளும் மலைக்கு வருவாள். தங்கினவர்கள் கணக்கையும் சேர்த்து, பதினாலு ஆச்சு, எடுங்கப்பா என்று கடைசியில் உத்தரவு போடுவது அவள் வேலை. நடை பழகின காலத்திலிருந்து அதுதான் அவளுக்குத் தெரிந்த கணக்கு.

ஒருவர் கேட்டிருந்தால்

பள்ளியிலிருந்து வந்த வழியில் வண்டியை ஓரங்கட்டினேன். பருத்திப்பால் கடையில் அவளுக்கு ஒரு டம்ளர் வாங்கிக் கொடுத்துவிட்டு மெதுவாக ஆரம்பித்தேன்.

“பதினாலுல மூணு போனா எம்புட்டு தாயி?”

“பதினொண்ணு.”

விரல் மடக்கவில்லை. மேலே பார்க்கவில்லை. டம்ளரிலிருந்து வாயைக்கூட எடுக்கவில்லை. அப்புறம் ஏன் பதினாலு என்று எழுதி வைத்தாய் என்று கேட்டேன். இவ்வளவு வருஷம் வண்டி ஓட்டுகிற ஆளுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்கிற மாதிரி என்னைப் பார்த்தாள்.

“பதினொண்ணோட எப்பிடிப்பா விட? மூணு பேரும் எங்கனன்னு கேட்டு, அவுகளையும் சேத்து, பதினாலு வந்தாத்தான வண்டிய எடுக்கணும்.”

ஒன்பதில் நாலு என்றேன். அஞ்சு, நாலையும் சேர்த்தால் ஒன்பது, சரியாகப் போச்சு என்றாள். பத்தில் ஆறு என்றேன். நாலு, ஆறையும் சேர்த்தால் பத்து என்றாள். ஒரு கணக்கில்கூட அவள் தடுமாறவில்லை. கழித்து முடித்து, கழித்ததைத் திரும்பக் கூட்டி, முழு எண் வந்துவிட்டதா என்று பார்த்து, அந்த முழு எண்ணைக் கொண்டுபோய்க் கட்டத்தில் வைத்திருக்கிறாள். இதைத்தான் பார்த்து எழுதினாள் என்கிறார்கள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அதற்குப் பின்னால் வந்தது பாருங்கள், கோபம்.

கட்டத்துக்குள் பதினாலு என்று எழுதினால் தப்புதான். ஒத்துக்கொள்கிறேன். கேட்டது பதினொண்ணு. சிவப்பு மையின் மேல் எனக்குக் கோபமில்லை. ஏம்மா இப்படி எழுதினாய் என்று ஒரே ஒரு வார்த்தை, அத்தனை பெரிய கட்டடத்தில் ஒருவர் கேட்டிருக்கலாம் அல்லவா? கேட்க எவ்வளவு நேரமாகும்? எனக்கு ஒரு டம்ளர் பருத்திப்பால் குடிக்கிற நேரம்தான் ஆயிற்று.

இன்னொன்றும் கேட்கிறேன். அரைப்பரீட்சை வரைக்கும் கூட்டல் மட்டும். அதை மூடி வைத்துவிட்டு, அதற்குப் பிறகு கழித்தல் மட்டும். ஏன் அப்படி என்று வகுப்பு மிஸ்ஸை முன்பே ஒருமுறை விசாரித்திருக்கிறேன். ரெண்டையும் சேர்த்துச் சொன்னால் பிள்ளைகள் குழம்பிவிடும் என்று மேலிடத்தில் சொல்லியிருக்கிறார்களாம். எந்தப் பிள்ளை குழம்பியது? ஒரு பிள்ளை கையில் அஞ்சு மிட்டாயைக் கொடுத்து ரெண்டைப் பிடுங்கிப் பாருங்கள். கையில் எத்தனை மிச்சம், எத்தனை திரும்பி வரணும் என்று அதுவே அழுதுகொண்டே சொல்லும்.

பதினொண்ணும் மூணும் பதினாலு. பதினாலில் மூணு போனால் பதினொண்ணு. பதினொண்ணு போனால் மூணு. இருப்பது மொத்தமே மூன்று எண்கள்தான். நான் கம்பம்மெட்டுக்கு ஏறுகிற அதே ரோட்டில்தான் இறங்குகிறேன். ஏறுவதற்கு ஒரு ரோடு, இறங்குவதற்கு ஒரு ரோடு என்று யாராவது பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பார்களா? பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுக்கிறார்கள். அது ஒரே ரோடு என்று தானாகவே கண்டுகொண்ட பிள்ளையைக் கீழே உட்கார வைக்கிறார்கள்.

பாண்டியம்மா சொன்னது

அன்றைக்குச் சாயங்கால ட்ரிப் முடிந்து நான் வீடு திரும்பியபோது, களைவெட்டு முடிந்து வந்த பாண்டியம்மா வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தாள். நான் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். பிள்ளை சொன்ன காரணத்தைச் சொன்னபோது செம்பைக் கீழே வைத்துவிட்டாள். உள்ளே போய், பிள்ளையின் தலையை ஒருமுறை தடவிவிட்டு வந்தாள்.

நான் நாளைக்குப் போய் உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டு, டிசியைக் கிழித்து வாங்கிக்கொண்டு வருகிறேன் என்று குதித்தேன். அவள் என்னைக் குதிக்கவிட்டு, ஓய்ந்ததும் சொன்னாள்.

“அங்கன போயிச் சத்தம் போட்டுறாதீக. சத்தம் போட்டா உங்களுக்குக் கோவம் ஆறிப்போகும். பிள்ளைக்கு வகுப்பு போயிரும்.”

குரலை உயர்த்த மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். அவள் சொன்னால் பெரும்பாலும் கேட்டுக்கொள்வேன்.

அன்றைக்கே பிள்ளையை உட்கார வைத்து, கட்டத்துக்குள் பதினொண்ணு மட்டும் எழுது என்று சொல்லிக் கொடுத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். எப்படிச் சொல்வது? மிச்சம் மூணு பேரை மறந்துவிடு என்றா? பாண்டியம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். என் வாயில் அது வரவே இல்லை. பெரிய படிப்புப் படித்தவர், மேடத்துக்கு விளக்கிச் சொன்னால் புரிந்துகொள்வார் என்று நினைத்தேன். நம்பிக்கை என்றுகூடச் சொல்லலாம்.

கட்டம் ஒன்றுதான்

மறுநாள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனேன். கேட்டிலேயே ஷீபா மிஸ்ஸைப் பார்த்துவிட்டேன். அவர்தான் தர்ஷினியின் வகுப்பு மிஸ். சின்னப் பெண், வேலைக்குச் சேர்ந்து அதிக நாள் ஆகவில்லை. நான் சொல்லச் சொல்ல வாயைப் பொத்திக்கொண்டார். வகுப்பில் அத்தனை பிள்ளைகள் அண்ணே, ஒவ்வொன்றையும் நிறுத்திக் கேட்க முடியவில்லை என்று சொல்லும்போது அவர் கண் கலங்கிவிட்டது. அவர்மேல் என்னால் கோபப்பட முடியவில்லை. இன்னொரு தடவை எழுதிப் பார்க்கட்டும் என்று மேடத்திடம் கேட்டு வாங்கியதும் அவர்தான்.

மேடம் கையில் செல்போனோடு நான் சொன்னதைக் கேட்டார். மலை, ஜீப், எண்ணிக்கை, தங்கினவர்கள் எல்லாவற்றையும் சொன்னேன். பாண்டியம்மாவுக்கு வாக்குக் கொடுத்தபடி குரலை உயர்த்தாமல்தான் சொன்னேன். கேட்டு முடித்துப் புன்னகை செய்தார்.

“கதை நல்லா இருக்கு. ஆனா கொஸ்டின் பேப்பர்ல கட்டம் ஒண்ணுதான் இருக்கு. அதுக்குள்ள சரியா எழுதட்டும், மாடிக்கு அனுப்புறேன்.”

ஒரு வெள்ளைத் தாளில் பதினாலு, ஒரு சின்னக் கோடு, மூணு என்று எழுதி, பக்கத்தில் ஒரு கட்டம் போட்டார். இந்தத் தடவையும் விரலால்தான் தள்ளினார், என் மகள் பக்கம்.

தர்ஷினிக்கு மேசை எட்டவில்லை. நாற்காலியில் முழங்கால் போட்டு ஏறிக்கொண்டு பென்சிலைப் பிடித்தாள். உதடு அசைந்தது. பதினொண்ணு என்றுதான் அசைந்தது, நான் பார்த்தேன். பென்சில் கட்டம் வரைக்கும் போய் நின்றுவிட்டது.

மிஸ் குனிந்து, கேட்டதை மட்டும் எழுதும்மா என்றார்.

“மூணு பேரு மலையிலயே இருக்காக மிஸ்” என்றாள் தர்ஷினி.

மேடம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

அந்தத் தாளைச் சுக்குநூறாகக் கிழித்து அந்த மேசைமேலேயே போட வேண்டும் போலிருந்தது எனக்கு. கிழித்திருந்தால் இந்த வாரம் உங்களுக்கு எழுத வீரமாக ஒரு கதை கிடைத்திருக்கும். அவள் வயதுப் பிள்ளைகள் எல்லாம் மாடியில் இருக்க, அவள் கீழே சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மறுபடியும் ஒண்ணு ரெண்டு எழுதிக்கொண்டிருப்பாள். எழுதப் போகிறவள் அவள், ஏறப் போகிறவளும் அவள். என் கோபத்துக்கு அந்த ரூமில் வேலை இல்லை.

ஆனால் அவள் அசைய மாட்டாள். எனக்குத் தெரியும். தங்கினவர் கணக்கு வராமல் பதினொண்ணோடு வண்டியை எடுக்கலாம் என்று அவளுக்கு யாராவது சொல்ல வேண்டும். மிஸ் சொன்னால் கேட்க மாட்டாள், மேடம் சொன்னாலும் கேட்க மாட்டாள். அவளுக்கு அந்தச் சட்டத்தைப் பழக்கியவன் நான்.

குனிந்து அவள் காதில் சொன்னேன்.

“நீ பதினொண்ணு எழுது தாயி. மிச்ச மூணு பேர அப்பா போயிக் கூட்டியாறேன்.”

“நெசமாவா?”

“நெசமா.”

எழுதினாள். மேடம் பச்சை மையில் டிக் போட்டார். அவ்வளவுதான், எவ்வளவு சிம்பிள் பாருங்க என்றார். நான் கும்பிட்டேன். அந்தக் கும்பிடை நினைத்தால் இப்போதும் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

வெளியே வந்து ஜீப்பில் உட்கார்ந்தோம். அடுத்த வருஷம் நீ மாடிக்குப் போகிறாய் என்றேன். தலையை ஆட்டினாள், பெரிய சந்தோஷமாகத் தெரியவில்லை. வீட்டுப் பக்கம் வண்டியைத் திருப்பியதும் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“இங்கிட்டு எங்கப்பா போறீக? அவுக மூணு பேரும் நிப்பாகல்ல?”

சாயங்கால ட்ரிப்புக்கு இன்னும் வெகுநேரம் இருந்தது. நான் வண்டியை மலைரோட்டுக்குத் திருப்பினேன்.